வெள்ளியில் வளைந்தோடும் கொடிகள்



சென்ற இதழில் வட்டா, படிக்கம், பன்னீர்ச் செம்பு முதலிய பித்தளைச் சாமான்களைப் பற்றிப் பேசினோம். அதனைப் படித்த வாசகியர் சிலர் வெள்ளிச் சாமான்களைப் பற்றியும் எழுதும்படி கேட்டிருந்தனர். லண்டனில் வாழும் உறவினர்கள் ஊருக்கு வரும்போது படச்சட்டகம், சிறு பெட்டி, கிண்ணம் என்று ஏதாவதொன்றைக் கொண்டு வருவார்கள். "இது பழைய இங்கிலீஷ் வெள்ளி, கவனமாக வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டும் போவார்கள். நாமும் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அது என்ன, யார் செய்தது, உண்மையில் வெள்ளிதானா என்பதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை. வீட்டில் ஒரு பணமுடை வரும்போது, கறுத்துப்போன அந்தச் சாமானை நிறுத்துப் பார்த்து, நிறைக்கு விற்றுவிடுகிறோம்.

எனவே இம்முறை ஒரு குறிப்பிட்ட வகை வெள்ளிச் சாமான்களை எடுத்துக்கொள்வோம். 1890 முதல் 1914 வரையான காலத்தில் இங்கிலாந்தில் ஒரு புதுப்பாணி பரவியது. அதனை 'ஆர்ட் நூவோ', அதாவது 'புதுக் கலை' என்பார்கள். இப்பெயர் பாரிஸ் நகரில் சீக்ஃப்ரீட் பிங் என்ற வணிகர் 1895இல் திறந்த கடையின் பெயரிலிருந்து பரவியது.

இந்தப் பாணியை அடையாளம் காண்பது கடினமல்ல. அதற்கு முன்பிருந்த விக்டோரியா காலத்து வெள்ளிச் சாமான்களில் ஓர் அங்குல இடமும் வெறுமையாக இராது. பழக்குலை, பூமாலை, சிங்கமுகம் என்று அடைத்து வைத்திருப்பார்கள். புதுப்பாணியிலோ இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஒரு தண்டு அடியிலிருந்து எழுந்து, சாட்டை போல் வளைந்து, விளிம்பில் ஓர் இலையாக விரியும். கைப்பிடி ஒட்டவைத்தது போலன்றிப் பாத்திரத்திலிருந்தே முளைத்தது போல் இருக்கும். பிரான்சில் இந்தக் கொடிகள் கட்டுக்கடங்காமல் ஓடின. பெண்ணுருவங்களும் அவற்றோடு பின்னி வந்தன. இங்கிலாந்தில் அவை அடக்கமாகவே இருந்தன.

ஒரு கடைக்காரரும் ஒரு தீவுக்காரரும்

இப்பாணியை இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்ததில் ஒரு கடைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி என்பவர் 1875இல் லண்டன் ரீஜன்ட் வீதியில் ஆரம்பித்த 'லிபர்ட்டி' என்ற கடையே அது. தொடக்கத்தில் அவர் விற்றது வெள்ளியல்ல. கீழைத்தேயப் பட்டுத் துணிகளையும் அலங்காரப் பொருள்களையுமே விற்றார். கடைக்கு அவர் சூட்டிய முதற்பெயரே 'ஈஸ்ட் இந்தியா ஹவுஸ்' என்பதாகும். பின்னாளில் இக்கடையின் புகழ் எவ்வளவு தூரம் பரவியதென்றால், இத்தாலியில் இந்தக் கலைப்பாணிக்கே 'லிபர்ட்டி பாணி' என்று பெயர் வந்துவிட்டது.

லிபர்ட்டி 1899இல் 'கிம்ரிக்' என்ற பெயரில் வெள்ளிச் சாமான்களை விற்பனைக்கு விட்டார். கிம்ரிக் என்பது வேல்ஸ் நாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கிண்ணம், பூச்சாடி, மெழுகுதிரித் தாங்கி, படச்சட்டகம், கரண்டி, மணிக்கூடு எனப் பல சாமான்கள் இதில் அடங்கும். அடுத்த சில ஆண்டுகளில் 'டியூட்ரிக்' என்ற பெயரில் பியூட்டர் சாமான்களும் வந்தன. பியூட்டர் என்பது வெள்ளியல்ல. வெள்ளீயத்தோடு சிறிதளவு அந்திமனியும் செம்பும் சேர்ந்த கலப்பு உலோகம். பார்வைக்கு மங்கிய வெள்ளி போலிருக்கும். விலையோ வெகு குறைவு.

இவற்றில் மிகச் சிறந்தவற்றை வரைந்தவர் ஆர்ச்சிபோல்ட் நொக்ஸ். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் மான் தீவில் 1864இல் பிறந்தவர். அத்தீவெங்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல் தூண்கள் நிற்கின்றன. தொடக்கமும் முடிவும் தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிச் செல்லும் முடிச்சுகள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. சிறுவயது முதல் அவற்றைப் பார்த்து வளர்ந்த நொக்ஸ், அந்த முடிச்சுகளை வெள்ளிக்குக் கொண்டு வந்தார். இடையிடையே நீலமும் பச்சையும் கலந்த எனாமல் பதிப்பு. சிலவற்றில் பெரோஸாக் கல், சிலவற்றில் முத்துச்சிப்பி. மனித உருவமோ மிருக உருவமோ இல்லாமல், கோடுகளாலேயே கண்ணைக் கட்டிப்போடும் அலங்காரம் இது. பள்ளிவாசல் சுவர்களிலும் பழைய குர்ஆன் பிரதிகளின் ஓரங்களிலும் பின்னல் அலங்காரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

பெண்களும் இத்துறையில் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஷெஃபீல்ட் நகரின் வில்லியம் ஹட்டன் நிறுவனத்துக்குக் கேட் ஹரிஸ் என்ற பெண்மணி வரைந்த சாமான்கள் இன்று தேடி வாங்கப்படுகின்றன. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி எம். கிங் லிபர்ட்டிக்காக வெள்ளி பக்கிள்களையும் பிற அணிகளையும் வரைந்து கொடுத்தார்.

சுத்தியல் அடையாளம் சொல்லும் கதை

இனி நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

வெள்ளித் தகட்டிலிருந்து கையால் ஒரு கிண்ணம் செய்வது எப்படித் தெரியுமா? வட்டமாக வெட்டிய தகட்டை இரும்புத் தாங்கியின் மேல் வைத்து, விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகச் சுத்தியலால் அடித்து எழுப்ப வேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிவிடும். மேலும் அடித்தால் வெடித்துவிடும். எனவே நெருப்பில் காய்ச்சி இளக்கி, மீண்டும் அடிக்க வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு இப்படிப் பல தடவைகள். கடைசியில் மெருகுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஒப்பரவாக்குவார்கள். அப்போது மேற்பரப்பில் மெல்லிய தட்டல் அடையாளங்கள் எஞ்சும். ஒளி பட்டால் நீர் அலைபோல் மினுங்கும். கைவேலையின் அடையாளம் அதுவே.

இத்தகைய வேலையைக் காப்பாற்றவே சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் 1888இல் கிழக்கு லண்டனில் 'கில்ட் ஒஃப் ஹேண்டிகிராஃப்ட்' என்ற கைவினைச் சங்கத்தை ஆரம்பித்தார். கிழக்கு லண்டன் அந்நாளில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்குள்ள இளைஞர்களைச் சேர்த்து வெள்ளி வேலையும் மரவேலையும் பழக்கினார். கம்பியை வளைத்து இரு பக்கமும் காது போலக் கைப்பிடி வைத்த இச்சங்கத்தின் கிண்ணங்கள் பெயர் பெற்றவை. வேலை செய்பவர்களே கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். இலாபத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1902இல் சங்கம் முழுவதுமே, குடும்பங்களோடு சுமார் 150 பேர், நகரத்தை விட்டுச் சிப்பிங் கெம்ப்டன் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஆனால் லிபர்ட்டியின் வழி வேறு. கிம்ரிக் சாமான்களைப் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் உள்ள ஹேஸ்லர் என்ற தொழிற்சாலை செய்து கொடுத்தது. அச்சில் வைத்து இயந்திரத்தால் அழுத்துவார்கள். கடைசிக்கட்ட வேலையை மட்டும் கையால் முடிப்பார்கள். அந்தச் சுத்தியல் அடையாளம்? அதையும் அச்சிலேயே வெட்டி வைத்துவிடலாம்! கைபடாத சாமானிலும் கைவேலையின் அடையாளம் பதிந்துவிடும்.

விலை குறைந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாடிக்கையாளர் எதை வாங்குவார்கள்? கிராமத்துக்குப் போன சங்கத்தால் போட்டி போட முடியவில்லை. லண்டனில் வேலை குறைந்தால் ஒரு தட்டான் பக்கத்துப் பட்டறையில் வேலை தேடிக்கொள்ளலாம். கிராமத்தில் அதற்கும் வழியில்லை. விற்பனை இல்லாதபோதும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. 1907ஆம் ஆண்டின் இறுதியோடு சங்கம் வங்குரோத்து நிலைக்கு வந்து கலைக்கப்பட்டது.

இதில் யாரைக் குறை சொல்வது? லிபர்ட்டி இல்லாவிட்டால் ஓர் ஆசிரியர் வீட்டு மேசையிலோ ஓர் எழுதுவினைஞர் வீட்டிலோ நல்ல வேலைப்பாடுள்ள பொருள் ஒன்று ஏறியிருக்காது. கைவேலை மட்டுமே வேண்டும் என்று நின்ற சங்கத்தின் சாமான்களை வசதியுள்ளவர்களால்தான் வாங்க முடிந்தது. இந்த முரண்பாடு ஆஷ்பிக்கும் விளங்கியது. சில ஆண்டுகளின் பின், 1911இல் வெளியிட்ட ஒரு நூலில், நவீன நாகரிகம் இயந்திரத்தின் மீதே நிற்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

ஆயினும் ஒரு விஷயத்தை மன்னிக்க முடியாது. மலிவாகச் செய்வது ஒன்று. மலிவாகச் செய்ததைக் கைவேலை போல் காட்டுவது வேறொன்று. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று கற்ற நாம், பொருளின் தோற்றத்திலும் அந்த நேர்மையை எதிர்பார்ப்பது நியாயந்தானே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிபர்ட்டி கடையில் விற்ற சாமான்களில் நொக்ஸின் பெயர் இருக்கவில்லை. வரைந்தவர் யாராயினும் கடையின் பெயரே பொறிக்கப்பட்டது. இதற்கு நேர்மாறானவர் ஒமர் ராம்ஸ்டன் என்ற லண்டன் வெள்ளி வணிகர். (பெயரைக் கண்டு நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம், ஷெஃபீல்டில் பிறந்த ஆங்கிலேயர்!) 'ஒமர் ராம்ஸ்டன் என்னைச் செய்தார்' என்று லத்தீன் மொழியில் தம் சாமான்களில் பொறித்தார். ஆனால் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்கள் அவரிடம் வேலை பார்த்த கைவினைஞர்களே. ஓரிடத்தில் வரைந்தவரின் பெயர் மறைந்தது. மற்றோரிடத்தில் செய்தவர்களின் பெயர் மறைந்தது.

நம் நாட்டோடு ஒரு தொடர்பு

சிப்பிங் கெம்ப்டன் கதையில் இலங்கையரான ஒருவருக்கும் இடமுண்டு என்றால் வியப்பாக இருக்கும். கொழும்பில் 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்த காலத்தில் நம் நாட்டுக் கைவினைஞரின் வேலையையும் வாழ்க்கையையும் நேரில் கண்டவர். பின்னர் இங்கிலாந்து சென்று, அதே சிப்பிங் கெம்ப்டனுக்கு அருகில் 'நோர்மன் சாப்பல்' என்ற பழைய கட்டடத்தில் குடியேறினார். அதனை வீடாகத் திருத்திக் கொடுத்தவர் ஆஷ்பி. குமாரசுவாமியின் மனைவி எதெலின் சகோதரர் ஃபிரெட் பார்ட்ரிஜ், ஆஷ்பியின் சங்கத்தில் நகை வேலை செய்தவர்.

சங்கம் கலைந்துகொண்டிருந்த அதே நாட்களில், சங்கத்துக்குச் சொந்தமாயிருந்த அச்சியந்திரத்தைக் குமாரசுவாமி பொறுப்பேற்றார். கண்டி இராச்சியத்துக் கைவினைகளைப் பற்றிய தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை அதிலேயே அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். நம் நாட்டுத் தட்டார், கன்னார், நெசவாளர் ஆகியோரின் தொழிலைப் பதிவுசெய்த அந்நூல், நொடித்துப்போன ஓர் ஆங்கிலக் கைவினைச் சங்கத்தின் அச்சியந்திரத்தில் பிறந்தது.

முத்திரையைப் படிப்பது எப்படி?

இனி வீட்டு அலுமாரிக்கு வருவோம். சாமானைக் கவிழ்த்து, அடியிலும் விளிம்பிலும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இங்கிலாந்து வெள்ளியில் 'ஹோல்மார்க்' எனப்படும் சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும்.

நடக்கும் சிங்கம்: இது 'ஸ்டெர்லிங்' தரம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. மிகுதி பெரும்பாலும் செம்பு.

ஊர் முத்திரை: நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கிரீடம் இருந்தால் ஷெஃபீல்ட். 1975இன் பின் கிரீடத்துக்குப் பதிலாக ரோஜாப்பூ வந்தது. கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் ஏன் என்று கேட்காதீர்கள்!

ஆண்டெழுத்து: ஒவ்வோராண்டுக்கும் ஓர் எழுத்து. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆண்டு தெரியும்.

செய்தவர் முத்திரை: கிம்ரிக் சாமான்களில் 'எல் அன்ட் கோ' என்ற ஆங்கில எழுத்துகளைக் காணலாம்.

அரசர் அல்லது அரசியின் தலை: இது 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கான அடையாளம். ஒரு சாமானில் இது இருந்தால், அதனை 1900ஆம் ஆண்டுச் சாமான் என்று யாரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

'ஈ.பீ.என்.எஸ்.' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளியல்ல. செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய மெல்லிய வெள்ளிப் பூச்சு. 'டியூட்ரிக்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருந்தால் பியூட்டர். பியூட்டர்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். நொக்ஸ் வரைந்த நல்லதொரு டியூட்ரிக் மணிக்கூடு, சாதாரண வெள்ளிக் கிண்ணங்கள் பலவற்றைவிடப் பெறுமதியானது. எனவே நிறைக்கு விற்குமுன் விஷயம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மார்க்கம் சொல்வது

தங்கம், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. ஆண், பெண் இருபாலாருக்கும் இத்தடை பொருந்தும். பெண்கள் வெள்ளி நகை அணியலாம் என்பதால் வெள்ளித் தட்டிலும் உண்ணலாம் என்று எண்ணுவது பிழை. ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில், பயன்படுத்தாமல் வெறுமனே வைத்திருப்பதும் கூடாது என்ற கருத்தே வலுவானதாகக் கூறப்பட்டுள்ளது. எனவே கையில் அத்தகைய பாத்திரம் இருப்பவர்கள் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. ஸக்காத் கணக்குப் பார்க்கும்போது வெள்ளியின் எடையையும் மறந்துவிடாதீர்கள். ஒரு கிலோ எடையுள்ள ஸ்டெர்லிங் சாமானில் 925 கிராம் வெள்ளி உண்டு. ஆனால் மெழுகுதிரித் தாங்கிகளின் உள்ளே பாரத்துக்காகக் கீல் போன்றவற்றை நிரப்பியிருப்பார்கள். அவற்றின் எடை முழுவதும் வெள்ளியின் எடையல்ல.

இந்தப் பாணியின் அழகை ரசிப்பதற்கு வெள்ளிதான் வேண்டும் என்பதில்லை. அதே கோடுகளைப் பியூட்டரிலும் செம்பிலும் காணலாம். தையல் தெரிந்த சகோதரிகள் தலையணை உறையிலோ மேசை விரிப்பின் மூலையிலோ ஒரு தண்டு, ஒரு வளைவு, ஓர் இலை என்று தைத்துப் பாருங்கள். மிகுதி இடத்தை வெறுமையாக விடுங்கள். அதுதான் இரகசியம்.

பராமரிப்பு

வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு சேர்வதால் ஏற்படும் படலமே அது. முட்டை பட்டாலும், இறப்பர் வளையத்தால் கட்டி வைத்தாலும் விரைவில் கறுக்கும். உப்பு பட்டால் அரித்துப் புள்ளி விழும்.

பித்தளைக்குச் செய்வது போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து கழுவி, பழைய பருத்தித் துணியால் உடனே துடைத்தாலே பெரும்பாலும் போதும். கறுப்பு அதிகமாயின் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளியை வைத்து, சுடுநீரும் அப்பச்சோடாவும் இடுங்கள். கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும். ஆனால் எனாமல், கல் பதித்தவை, உள்ளே கீல் நிரப்பியவை, வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடுள்ளவை ஆகியவற்றுக்கு இம்முறை ஆகாது.

ஒவ்வொரு முறை மெருகூட்டும்போதும் சிறிதளவு வெள்ளி தேய்ந்து போகிறது. பளபளப்பாக்குகிறோம் என்று முத்திரையையே அழித்தவர்கள் உண்டு. முத்திரை உள்ள இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். பியூட்டரை அடுப்பருகில் வைக்கவே கூடாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். பழைய பியூட்டரில் காரீயம் கலந்திருக்கக் கூடுமாதலால் அதில் உணவு பரிமாறவும் வேண்டாம்.

கடைசியாக...

நொக்ஸ் பிற்காலத்தில் கிங்ஸ்டன் கலைப் பாடசாலையில் கற்பித்தார். அவர் கற்பிக்கும் முறையை மேலிடத்துப் பரிசோதகர்கள் குறை கூறியதால் 1911இல் பதவி விலகினார். அவரோடு சேர்ந்து பாடசாலையை விட்டு வெளியேறிய மாணவியர், அவர் பெயரிலேயே ஒரு கைவினைச் சங்கத்தை ஆரம்பித்தனர். 1917இல் லிபர்ட்டி இறந்தபோது, அவருடைய கல்லறைக் கல்லை வரைந்தவரும் நொக்ஸ்தான். 1933இல் தமது தீவிலேயே அவர் காலமானார். அழகின் பணியில் இறைவனின் எளிய ஊழியர் என்று அவரது கல்லறை அவரைக் குறிக்கிறது. 1975இல் லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலை லிபர்ட்டியின் நூற்றாண்டுக் கண்காட்சியை நடத்தியது. அக்காலத்தை ஒட்டி ஆய்வாளர்கள் வரைபடங்களைத் தேடி ஒப்பிட்டு அவருடைய பங்கை உலகறியச் செய்தனர்.

ஆஷ்பியின் சங்கத்திலும் ஒரு பொறி அணையவில்லை. சங்கம் கலைந்த பின்னும் ஜோர்ஜ் ஹார்ட் என்ற வெள்ளி வேலைக்காரர் சிப்பிங் கெம்ப்டனை விட்டுப் போகவில்லை. அதே பழைய பட்டாலைக் கட்டடத்தில் அவருடைய குடும்பத்தாரின் பட்டறை இன்றும் இயங்குகிறது.

நம் ஊர்களிலும் கையால் தட்டி வேலை செய்யும் தட்டார்களும் கன்னார்களும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். அடுத்த முறை கைவேலைப் பொருள் ஒன்றை வாங்கும்போது விலையைப் பேசுங்கள். அதோடு செய்தவரின் பெயரையும் கேளுங்கள். கேட்டு, ஒரு துண்டில் எழுதி அப்பொருளின் உள்ளே வைத்துவிடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் துண்டு ஒரு முத்திரையாக உதவும்.

அடுத்த இதழில், வீட்டில் கிடக்கும் பழைய சரிகைத் துணிகளைப் பாதுகாப்பது பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.